ஊமைக்கரை மெத்தையும் அக்காள்மடத்து மெஷினும்

வீரையா கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவன் உட்கார்ந்து எழுந்த மெத்தையின் குழி எழும்பவில்லை. 1948ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவன் புறப்பட்டான். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்குக் கிழக்கே இருக்கும் ஊமைக்கரைதான் ஊர். அவன் மனைவி பூமயில், வில்வண்டிக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவள், யாருக்கோ தைத்து முடித்து ஒரு புது மெத்தையைச் சுவரோரம் போட்டிருந்தாள். அதன் மேல் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, "ஒரு வருசம், மிஞ்சிப்போனா ரெண்டு வருசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். ஆள் போய்விட்டான், குழி இருந்தது. பூமயில் கம்பால் தட்டினாள், வெயிலில் போட்டாள், கையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரைக் கிளறிவிட்டாள். நார் மேலே வருவேனா என்றது. மூன்றாம் நாள் மெத்தைக்குச் சொல்லியிருந்தவர் வந்து பார்த்துவிட்டு, "இதுல ஏற்கெனவே ஆளு உக்காந்திருக்குல்ல, நான் எங்கன உக்கார?" என்று கேட்டார். கோபப்படவில்லை. வேறொன்று தைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கடல் தாண்டிப் போனவர்கள் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் தபால்காரரின் வழி பார்த்து நின்றார்கள். பூமயிலுக்கு அந்த வேலை இல்லை. காலையில் எழுந்ததும் மெத்தையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் குழி ஒரு விரற்கடை இறங்கியது. ஆள் தேறிவிட்டான், வேளாவேளைக்குச் சோறு கிடைக்கிறது என்று ஊர் முடிவு செய்துகொண்டது. 1951 மாசியில் ஒரு மாதம் போலக் குழி மேடேறி, வெறும் நிழல் மாதிரி ஆனது. காய்ச்சலாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பூமயில் ஈரச் சேலையோடு நயினார்கோவிலுக்கு நடந்துபோய் வேண்டிக்கொண்டு வந்தாள். பங்குனி பிறந்ததும் குழி பழையபடி இறங்கியது. முதலில் தரை மெழுகும்போது இரண்டு பெண்கள் அந்த மெத்தையை நகர்த்த முடிந்தது. 1953இல் நாலு ஆம்பிளைகள் வேண்டியிருந்தது. ஆகவே மெழுகுவதை மெத்தையைச் சுற்றி வைத்துக்கொண்டாள்.

1954 பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்த அன்றைக்கு, வீரையாவின் குழிக்கு இடப்பக்கத்தில் இன்னொரு குழி விழுந்திருந்தது. அதைவிடச் சிறியது, ஒட்டினாற்போல் இருந்தது. பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி, மூட்டை எதையாவது பக்கத்தில் இறக்கி வைத்திருப்பார் என்றாள். பூமயில் என்ன, கண்ணில்லாதவளா? எட்டு நாள் அழுதாள். ஒளித்து மறைத்தெல்லாம் அழவில்லை, வாசலில் உட்கார்ந்து ஊர் கேட்கவே அழுதாள். ஒன்பதாம் நாள் மெத்தையை ஓங்கி ஒரு உதை விட்டாள். கால் பெருவிரல் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். 1956இல் இரண்டு குழிக்கும் நடுவில் தேங்காய் மூடி அளவுக்கு மூன்றாவதாக ஒன்று விழுந்தது. அதற்கு அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். ஊருக்கு அதுதான் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

வீரையாவுக்கு ஒரு தம்பி, மூக்கையா. அதே வளவில் மேற்கு வீட்டில் இருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, மண் ஆசை உள்ளவன். கண்மாயின் மூன்றாம் மடைக்குக் கீழே அண்ணனுக்கு உள்ள நன்செய்யைப் பூமயில் ஒற்றை ஆளாக நட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். மூக்கையா வரப்பில் நின்று பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். போனவன் பன்னிரண்டு வருஷம் வரவில்லை என்றால் அவனை இறந்தவனாக வைத்துக் காரியம் செய்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தர்ப்பையில் உருவம் கட்டி எரிப்பார்கள், மனைவி தாலியை இறக்குவாள், நிலம் பங்காளிக்குப் போகும். பன்னிரண்டு முடிந்து வரும் 1960 ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் கடலில் அதைச் செய்துவிடலாம் என்று மூக்கையா தை மாதமே ஊர்க்கூட்டத்தில் வாயைத் திறந்தான். ஊர்ப் பெரியவர் பூமிநாதன் அம்பலம் யோசித்தார். குழி இருக்கும்வரை ஆள் இருக்கிறான், ஆள் இருக்கும்போது காரியம் செய்தால் பாவம் என்றார். மெத்தை கிழிந்து குழி கலைந்துபோனால் அது வேறு, அப்போது செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். மூக்கையா தலையை ஆட்டிவிட்டு, அன்று சாயந்திரமே அண்ணன் வீட்டுக்குப் போய் மெத்தையின் ஓரத்தையெல்லாம் குனிந்து பார்த்தான்.

பார்க்கும்படியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஏறிக்கொண்டே வந்த மூன்று பேர் பாரம் ஒரே கித்தான் துணியில். பக்கவாட்டுத் தையல் வாயைப் பிளந்து நார் எட்டிப் பார்த்தது. பூமயில் கோணி ஊசியால் மெழுகு நூலை நாலு புரியாகப் போட்டுத் தைத்தாள். மூன்று நாள் நின்றது, நாலாம் நாள் பட் பட் என்று தெறித்தது. மறுபடி தைத்தாள், மறுபடி தெறித்தது. கைத்தையல் எவ்வளவுதான் இறுக்கினாலும் ஒரு கண்ணுக்கு ஒரு கண் இழுப்பு மாறும். இளைத்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். பஸ் சீட்டெல்லாம் மெஷினில்தான் தைக்கிறார்கள், அது எத்தனை பேர் உட்கார்ந்தாலும் தாங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் நிற்கும்போது ஏறி, கண்டக்டர் திட்டத் திட்டச் சீட்டின் அடித்தையலைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறாள். கனத்த தையலுக்கு ஒரு மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தாள். வீரையா மேல் ஆசை மிச்சம் இருந்ததா என்றால், அதைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரம் இல்லை. மூக்கையாவின் வசதிக்காகத் தாலியை இறக்கிவிட்டு, தன் கையால் நட்ட வயலை அவன் வரப்பில் நின்று பார்க்கும் கதிக்கு வரக் கூடாது. அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

முதலில் ராமநாதபுரம் கடைவீதியிலிருந்து ஒரு மெஷின் வண்டியில் வந்தது. புதுசு. கறுப்பு உடம்பில் தங்கப் பூ வரைந்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைக்காரர் அதிலேயே தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி மெஷின் பலகையில் வைத்ததுதான் தாமதம், பலகை இரண்டாகப் போனது, தங்கப் பூ குப்புற விழுந்தது. இது ஜாக்கெட் தைக்கிற மெஷின், இதில் ஆளை வைத்துத் தைக்க முடியாது என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அடுத்து, பரமக்குடியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் ஒரு மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கித்தானை எட்டு மடிப்பாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அது தோலையே வெண்ணெய் மாதிரிக் குத்தியது. எட்டு மடிப்பும் ஒரு பொருட்டில்லை. ஆனால் தையல் பொடிப் பொடியாக விழுந்தது. பூமயில் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தாள். தபால் தலையைக் கிழிப்பதுபோல் தையலோடு கிழிந்து வந்தது. "நெருக்கமாத் தச்சா பலம்னு மெஷினு செஞ்சவுக நெனச்சிட்டாக போல. கனத்த துணிக்கு ஊசிக்கு ஊசி எட்டம் வேணும்ணே" என்று சொல்லி, அவரிடம் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்றாவது மெஷின் அக்காள்மடத்தில் இருந்தது. யுத்த காலத்தில் மண்டபத்தில் பட்டாளத்துக்காரர்கள் கூடாரமும் லாரி சீட்டும் தைத்த மெஷின். யுத்தம் முடிந்து ஏலம் போட்டபோது, படகுக்குப் பாய் தைக்கும் ஒருவர் எடுத்திருந்தார். 55ஆம் வருஷப் புயலில் அவர் கடலோடு போய்விட்டார். அவர் மனைவி நஃபீசா, பூமயில் வயதுதான் இருக்கும், தார்ப்பாய் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். வேலை வரத்து குறைந்துபோனதால் மெஷினை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மெஷின் வாங்கப் போகும்போது பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று பூமயிலின் பெரியப்பா மகன் பால்சாமி துணைக்கு வந்தார். அவர் மாட்டுத் தரகர். முப்பது வருஷமாகச் சந்தையில் மாடு பிடித்துக் கொடுப்பவர். மெஷினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. ராமநாதபுரத்தில் ரயிலேறிப் பாம்பனில் இறங்கி, மணலில் நடந்து போனார்கள்.

பால்சாமி மெஷினை மூன்று தரம் சுற்றி வந்தார். கழுத்துக்குக் கீழே தடவினார். முதுகில் சுழி இருக்கிறதா என்று விரலால் தேடினார். காலைத் தட்டி, நாலும் தரையில் சமமாக ஊன்றுகிறதா என்று படுத்துப் பார்த்தார். பிறகு ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டை நகர்த்தச் சொல்லி, துணியை இழுக்கும் பல்லை எண்ணினார். "எட்டுப் பல்லும் மொளச்சுக் கட சேந்திருச்சு. இனி வயசு சொல்ல ஏலாது, ஆனா இன்னும் இருவது வருசம் உழுகும்" என்றார். நஃபீசா முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கினாள். பூமயில் எட்டு மடிப்புக் கித்தானை வைத்து மிதித்தாள். கழுத்து நீளமாக இருந்ததால் எவ்வளவு பெரிய பண்டமும் உள்ளே நுழையும். ஊசி இறங்கும் சத்தம் உலக்கை இறங்குவதுபோல் இருந்தது. அங்குலத்துக்கு ஐந்து தையல், ஒன்றுபோல். இழுத்துப் பார்த்தாள். தையல் அசையவில்லை, அவள் தோள்தான் வலித்தது. இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனசு அப்படி ஒரு நிம்மதியாயிற்று.

விலை பேசுவதில் ஒரு சிக்கல் வந்தது. பால்சாமி வழக்கப்படி துண்டை விரித்து, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார், வாயால் சொல்வது மரியாதை இல்லை. நஃபீசா ஆண்பிள்ளையின் கையைப் பிடிப்பாளா? ஆகவே துண்டுக்குள் பூமயில் கையை விட்டாள். இரண்டு பெண்களுக்கும் எந்த விரலுக்கு என்ன கணக்கென்று தெரியாது. கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இருவர் உள்ளங்கையிலும் ஊசி ஏறிய காய்ப்பு ஒரே இடத்தில் இருந்தது. பிறகு நஃபீசா, "சரி, கொண்டுபோங்க" என்றாள். என்ன விலைக்குப் படிந்தது என்று கேட்டுப் பால்சாமிக்கு ரயில் ஏறும்வரை தொண்டை வற்றியது. பூமயில் சொல்லவே இல்லை.

அங்கேதான் ஒரு தப்பும் நடந்தது. மாடு வாங்கினால் பழைய கயிற்றோடு பிடித்துவரக் கூடாது. கயிறு விற்றவர் வீட்டுச் சொத்து, அதையும் கொண்டுவந்தால் மாடு நம் தொழுவத்தில் நிலைக்காது. புதுக்கயிறு நாம்தான் கொண்டுபோக வேண்டும். பால்சாமி மெஷினைப் பாரம் ஏற்றும்போது, சக்கரத்தையும் மிதியையும் சேர்க்கும் தோல் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் நஃபீசாவின் வாசற்படியில் வைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்து மாட்டினார். பூமயிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் அது சரி என்றே பட்டது. நஃபீசா பின்னாலேயே ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்க்கவும் கூடாது என்பதால் இருவரும் திரும்பவில்லை.

ஊமைக்கரையில் மெஷினை இறக்கி, மெத்தையைத் தூக்க ஆறு பேரை வரவழைத்து, பூமயில் மிதித்தாள். மிதி போனது, சக்கரம் போகவில்லை. மாட்டுக் கயிறு சக்கரத்தில் வழுக்கிச் சுற்றிச் சுற்றிப் புகைந்தது. பருத்திக் கயிறு போட்டாள், கிணற்றுக் கமலை வடத்தில் ஒரு புரி பிரித்துப் போட்டாள். வெறும் ஓட்டத்துக்கு ஓடியது, பாரம் ஏறியதும் நின்றுபோனது. ஆடி அமாவாசைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மெத்தையின் வாய் இப்போது ஒரு சாண் திறந்து, தரையில் நார் கொட்டத் தொடங்கியிருந்தது. மூக்கையா தேவிபட்டினத்துக்கு வண்டி சொல்லிவிட்டான் என்று பேச்சு அடிபட்டது. பூமயில் இருந்த சேலையோடு புறப்பட்டாள், இந்தத் தடவை தனியாக.

நஃபீசா பெல்ட்டுக்கு எண்ணெய் தடவி ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். "கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், அந்த மனுசன் காதுலயே வாங்கல. இதை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"கயித்த நாங்க வாங்கிட்டு வர மாட்டோம்ல."

நஃபீசா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் வேலிக்கு வெளியே ஓடியது. பூமயிலுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. குழி, அடுத்த குழி, சின்னக் குழி, அமாவாசை, எல்லாவற்றையும் சொன்னாள். நஃபீசா மெத்தையைப் பற்றிக் கேட்டு வியக்கவில்லை. கடலோரத்தில் அதைவிடப் பெரிய சங்கதிகள் உண்டு.

"எங்க வீட்டுக்காரரு மையித்து கரையேறுன அன்னையிலருந்து நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டாம இத்தா இருந்தேன். பதினோராம் நாளு எந்திரிச்சுத் தார்ப்பாயைக் கையில எடுத்தேன். உனக்குப் பன்னெண்டு வருசமாக்கும்? யா அல்லாஹ்!" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்த மெத்தையில ஒரு நாளாச்சும் நீ ஒக்காந்து பாத்தியா?"

"அய்யய்யோ, அது அவுக இடம்ல."

"அவருக்கு இடம். வந்தவளுக்கு இடம். பிள்ளைக்கு இடம். தச்சவளுக்கு மட்டும் இல்லையாக்கும்."

பூமயில் எழுந்தாள். பெல்ட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு ரயிலுக்கு நடந்தாள். பாம்பன் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. கீழே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு வீரையா மேல் பன்னிரண்டு வருஷத்துக் கோபமும் ஒரே சமயத்தில் வந்தது. ஒரு வார்த்தை எழுதிப் போட்டிருக்கலாம், "எனக்காக உக்காந்திருக்காத, எந்திரிச்சுப் போ" என்று. அதைக்கூட எழுத அவனுக்குக் கை வரவில்லையே என்று நினைத்தாள். ராமநாதபுரத்தில் இறங்கியதும் பச்சைக் கித்தான் வாங்கினாள். மூன்று பேருக்கு வேண்டியதைவிட ஒரு ஆள் அகலம் கூடுதலாகவே அளந்து வாங்கினாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் ஊரே வந்து நின்றது. பத்துப் பேர் சேர்ந்து மெத்தையைத் தூக்கி மெஷினின் கழுத்துக்குள் நுழைத்தார்கள். மெஷினின் இரும்புக் கால் நாலும் மண் தரையில் நாலு விரற்கடை இறங்கி நின்றன. தோல் பெல்ட் ஒரு முனகல் முனகிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பூமயில் பழைய உறையைக் கழற்றவில்லை. கழற்றினால் குழி கலைந்துவிடும். அதன் மேலேயே புது உறையைப் போர்த்தி, கூடுதல் அகலத்தில் புது நாரை அடைத்து, கிழக்கு ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டு வந்தாள். பூமிநாதன் அம்பலம் ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூக்கையா வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். இரண்டு ஓரம் முடிந்து மூன்றாம் ஓரத்தில் பாதி போகும்போது, பழைய கித்தான் உள்ளே நீளமாகக் கிழியும் சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்துவிட்டது. "போச்சுடா" என்று யாரோ சொன்னார்கள். வீரையாவின் குழி ஓரத்தில் ஒரு நடுக்கம் ஓடியது. பூமயில் காலை எடுக்கவில்லை. கிழிசல் ஒரு பக்கமிருந்து ஓடிவந்தது, ஊசி இந்தப் பக்கமிருந்து ஓடியது. மூலையில் ஊசி ஒரு தையல் முன்னால் போய்ச் சேர்ந்தது. நாலாவது ஓரத்தையும் தைத்து மூடி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மூன்று குழியும் பச்சைக் கித்தானில் அப்படியே பதிந்து கிடந்தன. ஓரத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் மேடாகக் கிடந்தது.

மெத்தையைத் தரையில் இறக்கியதும், வீரையாவின் வலப்பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் பூமயில் போய் உட்கார்ந்தாள்.

"மதினி, என்ன செய்யிறீக?" என்றான் மூக்கையா.

"பாத்தா தெரியலையா கொழுந்தனாரே, உக்காருறேன்."

ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் உட்கார்ந்திருந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் இருந்த பெண்கள் பிற்பாடு சொன்னார்கள், அவள் முகத்தில் அத்தனை களைப்பை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்று. பிறகு எழுந்தாள். எழுந்த இடத்தில் குழி அப்படியே இருந்தது. பூமிநாதன் அம்பலம் கட்டிலை விட்டு இறங்கிவந்து, குனிந்து, விரல் நீட்டி எண்ணினார். "வீட்டுல நாலு பேரு இருக்காக. ஆளிருக்கிற வீட்டுல கருமாதி ஏது? வண்டியத் திருப்பி அனுப்பு மூக்கையா" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பூமயில் மெஷினை வண்டியிலேற்றி ராமநாதபுரத்துக்குப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பிடித்தாள். நஃபீசா துணி வெட்ட வந்து சேர்ந்தாள். இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கம் ஓடிய பஸ்களின் சீட்டெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் தைக்கப்பட்டன. பூமயில் நடந்தால் ஈர மணலிலும் கால் தடம் விழாது. ரயில் ஸ்டேஷனில் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றாள், முள் அசையவில்லை. பாரமில்லாமல் மெஷினை எப்படி மிதிக்கிறாய் என்று கேட்டவர்களிடம், மிதிக்கப் பாரம் வேண்டாம், பழக்கம் இருந்தால் போதும் என்றாள். தலைவலி விட்டுப்போயிற்று, நன்றாகத் தூங்கினாள். ஊமைக்கரையில் அவள் வயலுக்கு ஒரு வில்லங்கமும் வரவில்லை. கணக்குப் பார்க்க வந்த ஊர் அதிகாரிக்கு மூக்கையாவே நாலாவது குழியைக் காட்டி, மதினி வீட்டில்தான் இருக்கிறார் என்றான். வேறு என்ன சொல்ல முடியும்? நட்டு அறுத்து நெல்லைக் கொட்டகையில் கொண்டுவந்து இறக்குவதும் அவன் வேலையாயிற்று.

1963 வைகாசியில் வீரையா வந்தான். குடியுரிமைக் காகிதம் இல்லாதவன் என்று இலங்கையில் பிடித்து, கையில் ஒரு பையோடு கப்பலேற்றித் தனுஷ்கோடியில் இறக்கிவிட்டிருந்தார்கள். அங்கே அவனோடு இருந்த பெண்ணுக்கும் மகளுக்கும் காகிதம் இருந்தது, அதனால் அவர்கள் அங்கேயே இருந்துகொண்டார்கள். மெலிந்து, முடி நரைத்து, காற்றடித்த பக்கம் சாய்ந்து சாய்ந்து ஊமைக்கரைக்கு நடந்து வந்தான். வீட்டுக்குள் போய் மெத்தையில் தன் குழியைப் பார்த்ததும் உட்காரப் போனான். அது அவனை வாங்கிக்கொள்ளவில்லை. கித்தானுக்கு மேலே கித்தானாக இருந்தான், ஒரு இலை விழுந்ததுபோல. எழுந்து மூக்கையா வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான், கயிறு தொய்யவில்லை. வண்டியில், கல்லில், வரப்பில், எங்கே உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததாகவே இல்லை. பதினைந்து வருஷத்துப் பாரமும் அங்குலத்துக்கு ஐந்து தையலில் உள்ளே இருந்தது. நாலு நாள் பார்த்துவிட்டு, பால்சாமியை ராமநாதபுரத்துக்கு அனுப்பினான்.

பால்சாமி கொட்டகை வாசலில் நின்று சொன்னார்: "தங்கச்சி, உன்னயக் கூப்பிட அவனுக்கு வாயில்ல. தையலை மட்டும் பிரிச்சு விடச் சொல்லுதான். உக்காராம எப்படி ஒரு மனுசன் இருப்பான்? பாக்கச் சகிக்கல."

பூமயில் மெஷினை நிறுத்தினாள். நஃபீசா கத்திரியைக் கீழே வைத்தாள். பூமயில் வாசலுக்கு வந்தாள்.

"பிரிக்கலாம்ணே. எனக்கு அரை மணி நேர வேலை. பிரிச்சா நாலு பேரு பாரமும் வெளிய போயிரும். என்னுது எங்கிட்ட வந்துரும், அத நான் எப்படியாச்சும் தூக்கிக்கிருவேன். அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசு. தேறுதா, காயுதா, காய்ச்சலாக் கெடக்கான்னு அப்புறம் அவுக எதப் பாத்துத் தெரிஞ்சுக்கிருவாக? இன்னைக்குக் காலையில அந்தச் சின்னக் குழியைப் பாத்தாகளான்னு கேளுங்க. பாத்துட்டுச் சொல்லச் சொல்லுங்க, நான் வந்து பிரிச்சு விடுறேன்."

பால்சாமி போய்ச் சொன்னார். வீரையா உள்ளே போய் மெத்தையின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். சின்னக் குழி அவன் வந்த அன்றைக்கு இருந்ததைவிட ஒரு நூல் இறங்கியிருந்தது. மறுபடி அவன் ஆள் அனுப்பவில்லை.

ஊமைக்கரையில் அவனைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. காலையில் எழுந்து மெத்தையைப் பார்க்கிறான், தம்பியோடு வயலுக்குப் போகிறான், நின்றபடி சாப்பிடுகிறான். மாதம் ஒரு தரம், மகளுக்கு எழுதிய கடுதாசியைத் தபாலில் போட ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போவான். பாதிச் சீட்டு காலியாகக் கிடந்தாலும், கம்பியைப் பிடித்து நிற்கும் அவனைக் கண்டக்டர்கள் உட்காரச் சொல்வதில்லை.